வெள்ளைக்குள் ஒரு மலை

அத்தியாயம் 11

கிளினிக் அட்டையைத் தலையணை உறைக்குள் வைத்துத் தைத்திருந்தாள் மீனம்மா. போன வாரம் உறையைத் துவைக்கப் பிரித்த மகள் பிரியந்தியின் கையில் அது சிக்கியது. இடது கண் முழுக்கப் போய்விட்டது, வலது கண்ணிலும் பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கி வருகிறது, மூன்று முறை வரச் சொல்லியும் நோயாளி வரவில்லை. அட்டையில் இருந்தது அவ்வளவுதான்.

பிரியந்தி தலவாக்கலையில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறவள். இங்கிலீஷில் எழுதியிருந்தது அவளுக்கு விளங்கியது. அம்மாவிடம் கேட்காமல் கண்டி ஆஸ்பத்திரிக்கு அவளே போன் செய்தாள்.

"வெள்ளிக்கிழமை பகல் ரெண்டு மணிக்குள்ள வார்டில இருக்கணும். சனிக்கிழமை ஒப்பரேஷன். இந்தத் தடவையும் வரலைன்னா கட்டில் வேற ஆளுக்குப் போயிடும். அடுத்த தவணை வரைக்கும் அந்தக் கண்ணு தாங்காது," என்றார் தாதி.

இன்று அந்த வெள்ளிக்கிழமை. கொழும்பிலிருந்து துணி பார்க்க ஆள் வருவதும் இன்றுதான்.

"அம்மா, பைய கட்டிட்டேன். கெளம்புங்க."

"சத்தம் போடாத. அப்பா வெளியில நிக்கிறாரு."

வெளியே சுதாகரன் தன் த்ரீவீலைக் கழுவிக்கொண்டிருந்தான். லிந்துலைச் சந்தியில் சவாரிக்கு நிறுத்த அவனுக்கு ஒரு இடம் உண்டு. இன்று ஓட்டத்துக்குப் போகவில்லை. மனைவியின் துணியைப் பார்க்கப் பெரிய இடத்திலிருந்து ஆள் வருகிறார்கள் என்று இரண்டு நாளாகத் தோட்டத்து லயத்தில் வீடு வீடாகச் சொல்லிக்கொண்டிருந்தான். அவளுடைய கண்ணைப் பற்றி அவனுக்கு ஒன்றும் தெரியாது.

"மூணு மணிக்கு அந்த மிஸ் வருவாங்க. காட்டிட்டு, ராத்திரி பஸ்ஸுல போறேன்," என்றாள் மீனம்மா.

"ரெண்டு மணிக்குள்ளன்னு சொல்லிட்டாங்கம்மா."

"ஆறு பொம்பளைங்க பொழப்பு பிரியந்தி. நான் பாட்டுக்குப் போய் கட்டில்ல படுத்துக்கவா?"

பழைய பிள்ளைக்காம்பராவில்தான் அந்த ஆறு பேரின் நெசவு நிலையம் நடக்கிறது. முன்பு தேயிலைக் கொழுந்தெடுக்கப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுப்போன கட்டிடம். இப்போது அங்கே ஆறு தறிகள். மாதக் கடைசிக்குள் நிலையான வேலை வராவிட்டால் கட்டிடத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று தோட்டத்து ஆபீஸிலிருந்து கடிதம் வந்திருந்தது. கொழும்பில் புதிதாகத் திறக்கப்போகும் ஒரு ஹோட்டல், மண்டபத்துக்குத் திரைச்சீலை தேடுகிறது. அது கிடைத்தால் இரண்டு வருடத்துக்கு வேலை.

அதற்காக மீனம்மா நெய்த துணியில் நிறமே கிடையாது.

பதினான்கு வருடம் கொழுந்தெடுத்தவள் அவள். தினமும் காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக்கு நிற்கும்போது எதிர்மலையில் வெயில் ஏறுவதைப் பார்ப்பாள். ஒவ்வொரு தேயிலை வரிசைக்கும் ஒரு பக்கம் வெளிச்சம், மறுபக்கம் நிழல். மலையடிக்குப் போகப் போக நிழல் அகலும். அதைத் துணியில் கொண்டுவர இரண்டு வருடம் மண்டையை உடைத்துக்கொண்டாள். கறுப்பு நூல் போட்டாள், சாம்பல் போட்டாள். எல்லாம் ஆண்கள் இடுப்பில் கட்டும் கோடு போட்ட சாரம் மாதிரி வந்தது.

கடைசியில் வெள்ளை நூலிலேயே வழி கிடைத்தது. வலப்பக்கம் முறுக்கிய நூல், இடப்பக்கம் முறுக்கிய நூல். வெறும் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் நெய்து முடித்து, பக்கவாட்டில் வெளிச்சம் படும்படி தொங்கவிட்டால் ஒன்று மின்னும், மற்றது மங்கும். நெய்யும்போது அடையாளம் தெரிய, இடமுறுக்கு நூலைச் சலவை நீலத்தில் முக்கிக்கொள்வார்கள். அலசினால் நீலம் போய்விடும். நிழல் மட்டும் நிற்கும்.

"துணிய மாட்டிப் பாத்துட்டு ஒம்போது மணிக்குக் கெளம்புவோம். அந்த மிஸ்கிட்ட நான் பேசிக்கிறேன்," என்றாள் பிரியந்தி.

மீனம்மா தலையை ஆட்டினாள். சரி என்றா, பார்க்கலாம் என்றா, தெரியவில்லை.

எட்டரை மணிக்குப் பிள்ளைக்காம்பராவின் கிழக்கு ஜன்னலில் வெயில் விழுந்தது. நிலையத்துக்குப் பொறுப்பான பேச்சியம்மா, அலசித் தேய்த்த துணியை ஜன்னலை ஒட்டிய கம்பியில் மாட்டினாள். மற்றப் பெண்கள் தறியை விட்டு எழுந்து வந்தார்கள். சுதாகரனும் வாசலில் வந்து நின்றான்.

வெள்ளைத் துணியில் ஒரு மலை எழுந்தது. உச்சியில் பளிச்சென்ற வெளிச்சம். அதற்குக் கீழே வரிசை வரிசையாக நிழல்.

"அடியாத்தி!" என்றாள் ஒருத்தி.

அதன்பிறகு யாரும் பேசவில்லை.

மீனம்மா முகத்தைத் துணியின் பக்கம் திருப்பியபடி நின்றாள். சிரித்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

"என்னாடி, ஒருத்தரும் பேச மாட்டேங்கிறீங்க?"

"நல்லாத்தான் இருக்கு மீனம்மா," என்றாள் பேச்சியம்மா. அந்தக் குரலை நம்ப முடியவில்லை.

"பிரியந்தி, நீ சொல்லு."

"மேல மலை நல்லா வந்திருக்கும்மா. கீழ ரெண்டு மொழத்துல ஒண்ணுமே இல்ல. கலைஞ்சு கெடக்கு."

மீனம்மா விரலால் துழாவித் துணியின் அடி ஓரத்தைப் பிடித்தாள். ஓரத்திலிருந்து ஒரு இழையை உருவி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உருட்டினாள். இன்னொன்றை உருவினாள். இன்னொன்று. உருட்டும்போது இறுகுகிறதா தளர்கிறதா என்று விரல் சொல்லிவிடும். இறுக வேண்டிய இடத்தில் தளர்ந்தது. கடைசி மூன்று நாளும் வெளிர்நீலம் எது, வெள்ளை எது என்று தெரியாமலே நெய்திருக்கிறாள்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

சுதாகரன் முதலில் சிரித்தான். "என்னா புள்ள, நீலம் எது வெள்ள எதுன்னு தெரியாமலா நெய்ஞ்ச?"

யாரும் சிரிக்கவில்லை. அவன் மகளைப் பார்த்தான். மகள் அழுதுகொண்டிருந்தாள்.

"என்னா பிரியந்தி?"

கைப்பையிலிருந்த அட்டையை எடுத்து நீட்டினாள். அந்த இங்கிலீஷ் எழுத்தை அவனுக்குப் படிக்கத் தெரியவில்லை. அவள்தான் சொன்னாள். சொல்லி முடிக்கும்வரை அவன் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எத்தன நாளா?"

"எட்டு மாசமாப்பா."

அவன் மனைவியின் முன்னால் குந்தினான். "எட்டு மாசமா எம் மூஞ்சியும் தெரியலையா ஒனக்கு?"

"கிட்ட வந்தா தெரியுதுங்க."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா தறிய விட்டு எறக்கியிருப்பீங்க."

"எறக்கியிருப்பேன்டி! ஆமா, எறக்கியிருப்பேன்!" அவன் கத்தியதில் ஜன்னல் ஓரத்து நூல்கண்டுகளை எடுத்துக்கொண்டிருந்த பெண் பயந்து ஒன்றைக் கீழே போட்டாள். சுதாகரன் எழுந்தான். "எந்திரி. போவோம்."

"நான் வரல." மீனம்மா தறியின் காலைப் பிடித்துக்கொண்டாள். "பாவு நூல் இன்னும் தறியிலதான் இருக்கு. ரெண்டு மொழம்தானே? மூணு மணிக்குள்ள நெய்ஞ்சிடுவேன். யாராச்சும் நூல எடுத்துக் குடுங்க, போதும்."

"அக்கா, நாங்க நெய்யிறோமே," என்றாள் ஒருத்தி.

"எப்படி நெய்வீங்க? எந்த நூல் எத்தன இழைன்னு கணக்கு எங்க எழுதி வெச்சிருக்கு? என் தலையிலதானே இருக்கு!"

பேச்சியம்மா நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். அவளுக்கு மீனம்மாவும் வேண்டும், துணியும் வேண்டும்.

பிரியந்தி கண்ணைத் துடைத்தாள். பள்ளிக்கூட நாளிலெல்லாம் மாலையில் இந்தத் தறியில் உட்கார்ந்து அம்மாவுக்கு உதவியவள். இழையைத் தட்டி இறுக்கும் வேகம் ஆளுக்கு ஆள் மாறும். பிரியந்தியின் தட்டு மட்டும் அம்மாவுடையதைப் போலவே இருக்கும்.

"நான் ஒக்காருறேன். நீங்க த்ரீவீல்ல போயிக்கிட்டே போன்ல கணக்கச் சொல்லுங்க. நான் நெய்யிறேன். பேச்சியம்மா பெரியம்மா கெட்டுப்போன அடிய வெட்டிட்டு இதச் சேத்துத் தைச்சிடுவாங்க."

மீனம்மா வாயைத் திறந்தாள். சுதாகரன் அவளைப் பேசவிடவில்லை. தோளைப் பிடித்துத் தூக்கினான்.

அவர்கள் கிளம்பியபோது பத்து மணி ஆகியிருந்தது.

"வெள்ளை பதினெட்டு. நீலம் ஆறு."

"ம்."

"வெள்ளை பதினாறு. நீலம் ஆறு. வெள்ளை பதினாறு, நீலம் எட்டு."

"மெதுவாம்மா. நீலம் எட்டு… ம். சொல்லுங்க."

தறியின் குறுக்குக் கட்டையில் போனை நிறுத்தி வைத்திருந்தாள் பிரியந்தி. பக்கத்தில் ஒரு பெண் கணக்கைக் கொப்பியில் எழுதினாள். இன்னொருத்தி நூலை மாற்றி மாற்றி எடுத்துக் கொடுத்தாள். குறுக்கு நூல் சுற்றிய நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடியது. போனில் த்ரீவீலின் இரைச்சலுக்கு நடுவே அம்மாவின் குரல் வந்துகொண்டிருந்தது.

த்ரீவீலில் மீனம்மா கண்ணை மூடி, மடியில் கைகளை அசைத்தபடி சொல்லிக்கொண்டு வந்தாள். வலது கை நாடாவைத் தள்ளுவது போல. இடது கை தட்டுவது போல. முன்னால் சுதாகரன் கண்ணாடியில் அவளைப் பார்ப்பதும் ரோட்டைப் பார்ப்பதுமாக ஓட்டினான்.

பூண்டுலோயாவுக்குக் கீழே லைன் அறுந்தது.

"ஹலோ? ஹலோ? நிப்பாட்டுங்க! கேக்கல!"

அவன் திருப்பிக்கொண்டு மேலே வந்து, சிக்னல் கிடைத்த வளைவில் நிறுத்தினான். அங்கேயே நின்று அவள் ஒரு முழத்துக்கான கணக்கைச் சொன்னாள். கொழுந்து லொறி ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு கடந்தது. பிரியந்தி சொன்னதைத் திருப்பிச் சொல்ல, அம்மா சரிபார்க்க, நாற்பது நிமிடம் போனது.

"புள்ள, மணி பதினொண்ண முக்கால்."

"இன்னும் கொஞ்சம்தாங்க."

"ரெண்டு மணி."

"தெரியும்! வெள்ளை ஒம்போது. நீலம் பதினஞ்சு…"

சுதாகரன் வண்டியைக் கிளப்பினான். இரண்டாவது வளைவில் லைன் மறுபடி அறுந்தது.

"நிப்பாட்டுங்க."

அவன் நிறுத்தவில்லை.

"நிப்பாட்டுங்கன்னு சொல்றேன்ல! இன்னும் ஒரு சாண்தான் இருக்கு! எம் புள்ள அங்க ஒக்காந்திருக்கு!"

பின்னாலிருந்து அவன் முதுகில் அடித்தாள். இரண்டு கையாலும் அடித்தாள். அவன் வாங்கிக்கொண்டே ஓட்டினான். கொத்மலை நீர்த்தேக்கம் இடது பக்கம் வந்தது, மறைந்தது, மறுபடி வந்தது.

"அடி. நல்லா அடி," என்றான். "எட்டு மாசமா பக்கத்துல படுத்திருந்தும் தெரிஞ்சுக்காத பயல அடிக்கத்தான் வேணும். ஆனா நிப்பாட்ட மாட்டேன்."

அவள் கை ஓய்ந்தது. முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு அழுதாள்.

கம்பளையை நெருங்கும்போது போன் அடித்தது.

"அம்மா! கடைசியா வெள்ளை ஒம்போது, நீலம் பதினஞ்சு. அதுக்கப்புறம் சொல்லுங்க."

"அதுக்கப்புறம்…" மீனம்மா கைகளை மடியில் தூக்கினாள். "வெள்ளை… எட்டு… இல்ல. இரு. வெள்ளை ஒம்போது…"

"அது சொல்லிட்டீங்கம்மா."

"அதுக்கப்புறம் மலையடி வரும். அங்க நெழல் ஒரு தடவ பின்வாங்கிட்டுத் திரும்ப வரும். எத்தனைக்கு எத்தன… பிரியந்தி, வர மாட்டேங்குது. தறியில ஒக்காந்தா கை சொல்லிடும். இங்க வர மாட்டேங்குது!"

"சரிம்மா. நான் பாத்துக்கிறேன். அழாதீங்க. நீங்க அழக்கூடாது, கண்ணுக்கு ஆகாது."

போனை வைத்துவிட்டுப் பிரியந்தி நிமிர்ந்தாள். பன்னிரண்டரை. ஜன்னல் வழியாக எதிர்மலையைப் பார்த்தாள். உச்சி வெயிலில் மலை முழுக்க ஒரே பச்சையாகக் கிடந்தது. ஒரு வரிசைக்கும் நிழல் இல்லை.

"என்னா செய்யப் போற?" என்றாள் பேச்சியம்மா.

"தெரியல பெரியம்மா."

கொப்பியில் எழுதியிருந்ததை மேலிருந்து கீழே இரண்டு முறை படித்தாள். பிறகு குத்துமதிப்பாக ஓட்டினாள். வெள்ளை ஒன்பது, நீலம் பன்னிரண்டு. வெள்ளை எட்டு, நீலம் பதினாறு. ஒரு சாணை முடித்து எழுந்தபோது ஒன்றரை. வெட்டினார்கள், அலசினார்கள், ஈரம் போகத் தேய்த்தார்கள். பேச்சியம்மா மெல்லிய ஊசியால் சேர்த்துத் தைத்தாள். மேற்கு ஜன்னலுக்குக் கம்பியை மாற்றி மாட்டி முடிக்கவும் வாசலில் கார் வந்து நிற்கவும் சரியாக இருந்தது.

இடையில் அப்பா ஒரு வரி அனுப்பியிருந்தார். 'ஒன்னு அம்பதுக்கு சேத்தாச்சி.' அதைப் பார்த்தபோதுதான் பிரியந்தி காலையிலிருந்து முதல் முறையாக முழு மூச்சு விட்டாள்.

கொழும்பிலிருந்து வந்த பெண்ணுக்கு ஐம்பது வயதிருக்கும். கண்ணாடியைக் கழற்றி, போட்டு, துணியைக் கிட்டத்தில் பார்த்தாள், தூரத்தில் நின்று பார்த்தாள். கையால் வெளிச்சத்தை மறைத்துப் பார்த்தாள். மலை மறைந்தது. கையை எடுத்தாள். மலை வந்தது. சிங்களத்தில் மெதுவாகச் சொன்னாள்:

"இருபது வருடமாகத் துணி வாங்குகிறேன். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை."

பெண்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள்.

"தையல் பரவாயில்லை, இது மாதிரித் துணிதானே. ஆனால் அடியில் ஒரு சாண் தடுமாறுகிறது. நிழல் இருக்கிறது, மலை இல்லை. அடுத்ததில் அது சரியாக வேண்டும்." அவள் திரும்பினாள். "இதை உருவாக்கியது யார்? அவர் கையால்தான் மீதி முழுவதும் வர வேண்டும். இன்னொருவர் பார்த்து நெய்தால் எனக்கு வேண்டாம். அதை ஒப்பந்தத்திலேயே எழுதுவேன்."

பிரியந்தி வாயெடுத்தாள். "அது எங்க…"

"இந்தப் பிள்ளைதான் மிஸ்," என்றாள் பேச்சியம்மா.

பிரியந்தி திடுக்கிட்டுப் பார்த்தாள். பேச்சியம்மா அவளைப் பார்க்கவில்லை. தனக்குத் தெரிந்த சிங்களத்தில் வேகமாகச் சொல்லிக்கொண்டே போனாள். சின்ன வயதிலிருந்து தறியில் வளர்ந்த பிள்ளை, எல்லாம் இவளுடைய யோசனை. பேசும்போதே ஒரு கை பின்னால் வந்து பிரியந்தியின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தது.

பிரியந்தி மற்றப் பெண்களைப் பார்த்தாள். ஒருத்தி தரையைப் பார்த்தாள். ஒருத்தி கும்பிடுவது போலக் கையை மார்பில் வைத்திருந்தாள். கண் தெரியாத ஒருத்தியின் பெயரை இப்போது சொன்னால் கார் திரும்பிப் போய்விடும். சொல்லாவிட்டால்…

"இவ்வளவு இளம் வயதிலா!" கொழும்புப் பெண் கையைப் பற்றிக் குலுக்கினாள். "பெயர்?"

"பிரியந்தி."

"முழுப் பெயர்?"

"சுதாகரன் பிரியந்தி."

அவள் எழுதினாள். துணிக்குப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்தாள். வருகிற செவ்வாய்க்கிழமை கொழும்புக்கு வர வேண்டும், ஹோட்டல்காரர்கள் முன்னால் அடுத்த துணிக்கான வடிவத்தை வரைந்து விளக்க வேண்டும் என்றாள். தாளை நீட்டினாள். பிரியந்தி கையெழுத்துப் போட்டாள்.

கார் போனதும் பெண்கள் கூச்சல் போட்டார்கள். யாரோ அவளைக் கட்டிப்பிடித்தார்கள்.

"வேற வழி இல்லம்மா," என்றாள் பேச்சியம்மா. "அம்மாவுக்குப் பொறவு சொல்லிக்கலாம்."

"செவ்வாய்க்கிழம நான் என்னாத்த வரைவேன் பெரியம்மா?"

பேச்சியம்மா கம்பியிலிருந்து துணியை இறக்கி மடித்தாள்.

ஐந்து மணிக்கு போன் வந்தது. அப்பாவின் எண். பேசியது அம்மா.

"வந்தாங்களா?"

"வந்தாங்கம்மா. புடிச்சிருச்சு. வேல நமக்குத்தான்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம்.

"டொக்டர் என்னம்மா சொன்னாரு?"

"அது கெடக்கு. காலையில ஆறு மணிக்கு உள்ள கொண்டு போவாங்களாம். இருக்கிறதக் காப்பாத்தப் பாக்குறோம், நிச்சயம் இல்லன்னாரு." குரலில் பயமே இல்லை. "அந்த மிஸ் எம் பேரக் கேட்டாங்களா?"

பிரியந்தி சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"கேட்டாங்கம்மா."

"எழுதிக்கிட்டாங்களா?"

"ம்."

"ஆபீஸ்ல எப்பவும் மினம்மான்னு எழுதிப்புடுவாங்க. நெடில் போட்டாங்களா? நீ பக்கத்துல நின்னு பாத்தியா?"

"பாத்தேன்மா. சரியாத்தான் எழுதுனாங்க."

"அப்ப சரி," என்றாள் மீனம்மா. பக்கத்தில் யாரிடமோ, தாதியிடமாக இருக்கும், அவள் சிரித்துக்கொண்டே சொல்வது போனில் கேட்டது: "எம் பேர எழுதிக்கிட்டாங்களாம்."